முப்பத்தெட்டுச் சுற்று

என் மகளுக்கு நான் பதினெட்டாயிரத்து நானூறு கடன்பட்டிருந்தேன். இருபத்திரண்டு வருடம். சீட்டு எழுதாத கடன், வட்டி பேசாத கடன். அவளும் ஒரு நாள்கூட வாய் திறந்து கேட்டதில்லை.

மோட்டார் மெக்கானிக் சங்கத்து ஆண்டு மலருக்கு மூத்த உறுப்பினர்கள் தங்கள் வாழ்க்கையை எழுதித் தர வேண்டும் என்று செயலாளர் வந்து கேட்டார். "நீங்க வாயால சொல்லுங்க மாஸ்டர், நான் எழுதிக்கறேன்" என்றார். நான் படித்தது நாலாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. இருந்தாலும் என் கதையை இன்னொருவன் எழுத, நான் கீழே கையெழுத்து மட்டும் போடுகிற ஆள் இல்லை. நானே எழுதுகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

முதலில் எழுதியது வழக்கமான கதைதான். உங்களில் பாதிப் பேருக்கு அது மனப்பாடம். "ஆயிரக்கணக்குல மோட்டார் கட்டியிருக்கேன், ஒரே ஒரு தடவைதான் எண்ணிக்கை தப்புச்சு, அதுவும் எம் பொண்ணு நடுவுல கூப்பிட்டதால" என்று நான் சொல்ல, நீங்கள் சிரிப்பீர்கள். டீ வரும். அப்படி எழுதி வைத்திருந்த நாலு பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். செயலாளர் இதில் ஒரு வரியைக்கூட வெட்டக் கூடாது.

நான் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். இன்று எனக்கு இரண்டு கடை. மூன்று மாடி வீடு. பதினொரு பேருக்குச் சனிக்கிழமை தவறாமல் கூலி கொடுக்கிறேன். பன்னிரண்டு வயதில் இந்தத் தொழிலுக்கு வந்தபோது என்னிடம் இருந்தது ஒரே ஒரு அரைக்கால் சட்டை, அதில் பின்பக்கம் இரண்டு ஜன்னல். அங்கிருந்து இங்கே வந்திருக்கிறேன். எவனும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை என்றுதான் நேற்றுவரை சொல்லி வந்தேன்.

தொழில் தெரியாதவர்களும் மலரைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். எரிந்துபோன மோட்டாரின் வயிற்றைப் பிளந்து, கருகிய செம்புக் கம்பியை உருவி எடுத்துவிட்டு, புதுக் கம்பியை வளையம் வளையமாகச் சுற்றி உள்ளே வைத்துக் கட்டுவதுதான் எங்கள் வேலை. வைண்டிங் என்போம். ஒவ்வொரு வளையத்துக்கும் இத்தனை சுற்று என்று கணக்கு இருக்கிறது. அது குறைந்தால் மோட்டார் ஓடாமல் இருக்காது. ஓடும். அதுதான் ஆபத்து. நல்லபடியாக ஓடிக்கொண்டே உள்ளுக்குள் சூடேறி, ஒரு நாள் புகைந்துவிடும்.

சுற்றுகளை எண்ணுவதற்குக் கவுண்டர் என்று ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள். சுற்றும் இயந்திரத்தில் மாட்டிக்கொள்ளலாம். நான் மாட்டியதில்லை. வாய்விட்டு எண்ணுவேன். "என் நாக்குதான்டா கவுண்டர்" என்பேன். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் வாயிலிருந்து ஒரு எண் விழும். கைக்கும் வாய்க்கும் நடுவே மூளைக்கு வேலை கிடையாது. எண்ணிக்கை தப்பிவிட்டால் ஒரே ஒரு சட்டம்தான்: அத்தனையும் அவிழ்த்துப் போட்டுவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். யோசித்துப் பார்த்து, "இருபத்தெட்டுதான் இருக்கும்" என்று தொடர்கிறவன் தொழிலாளி இல்லை.

வளையம் சுற்றும் வேலையை வீட்டுக்கும் கொண்டு வருவேன்; அங்கும் ஒரு சட்டம் வைத்திருந்தேன். நான் எண்ணிக்கொண்டிருக்கும்போது யாரும் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டாலும் பதில் வராது. வளையத்தை முடித்து, முடிச்சுப் போட்டு, "ம்" என்று நான் சொன்ன பிறகுதான் எதிரே நிற்பவர் பேசலாம். என் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்த அன்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். நான் ஐம்பத்திரண்டை முடித்து "ம்" என்றதும்தான், "என்னங்க, ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றாள். இதையும் பெருமையாகச் சொல்லிச் சிரிக்க வைத்தவன்தான் நான்.

அன்று பிறந்தவள்தான் என் மகள். ஒரே பிள்ளை. பாப்பா என்று கூப்பிடுவோம். இப்போது நாற்பது வயது, இன்னும் பாப்பாதான். எண்களைப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொள்ளவில்லை அவள். நான் வளையம் சுற்றும்போது பக்கத்தில் உட்கார்ந்து, சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்துக் கற்றுக்கொண்டாள்.

பழைய முதலாளியிடம் பதினேழு வருடம் வேலை பார்த்தேன். கடைக்கு வரும் மோட்டாரில் முக்கால்வாசி என் கையால் கட்டியவை. பெயர் அவருக்கு. ஒரு நாள் கூலியை உயர்த்திக் கேட்டேன். வாடிக்கையாளர்கள் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது, "நீ எண்ணத்தான்யா லாயக்கு. உனக்கு எதுக்கு இந்தப் பணக் கணக்கெல்லாம்?" என்றார். அவர்கள் சிரித்தார்கள். அந்த வாரமே வெளியே வந்தேன். ஊரில் எத்தனையோ தெரு இருக்க, அவர் கடைக்கு நேர் எதிரே ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தால் என் பெயர் கண்ணில் குத்த வேண்டும்.

முன்னால் கடை, நடுவே ஒரு துணித் திரை, பின்னால் நாங்கள் மூன்று பேர். கட்டிய கம்பிக்குப் பூசும் வார்னிஷ் நாற்றம் சாப்பாட்டில் இருக்கும், தலையணையில் இருக்கும். என் மனைவி இருமிக்கொண்டே சமைப்பாள். "கொஞ்ச நாள்தான்" என்பேன். "எத்தனைன்னு எண்ணிச் சொல்லுங்க, நானும் தெரிஞ்சுக்கறேன்" என்பாள். அவளுக்கு வாய் ஜாஸ்தி. அப்போது இருந்தது.

முதல் பெரிய வேலை ஐஸ் தொழிற்சாலைக்காரரிடமிருந்து வந்தது. பத்துக் குதிரைச் சக்தி மோட்டார். கம்பி வாங்கப் பணமில்லை. புதுக் கடைக்கு எவனும் கடனுக்குச் செம்பு தர மாட்டான். பணம் இருந்தது பாப்பாவிடம்தான். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்து தையல் கடைகளுக்குப் பட்டன் தைத்துக் கொடுப்பாள். விடுமுறை நாளில் மொத்த மருந்துக் கடையில் பெட்டி அடுக்கப் போவாள். நாலு வருடத்துக் காசு, பிஸ்கட் டப்பாவில் பதினெட்டாயிரத்து நானூறு. பன்னிரண்டாவது முடித்து நர்ஸ் பயிற்சிக்கு இடமும் வாங்கிவிட்டாள். முதல் வருடக் கட்டணம் பதினெட்டாயிரம். மீதி நானூறுக்கு வெள்ளைச் செருப்பு வாங்கப் போவதாக அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தாள்.

"பாப்பா, அப்பாவுக்குப் பதினஞ்சு நாள் கைமாத்து குடு."

"கட்டற தேதி இருபத்தஞ்சுப்பா."

"ஐஸ்காரர் மோட்டார் வெளிய போற அன்னிக்கே உன் உள்ளங்கையில எண்ணி வைக்கிறேன்."

டப்பாவை எடுத்து அப்படியே என் மடியில் வைத்தாள். "நீங்க எண்ணினா சரியாத்தான்பா இருக்கும்" என்றாள்.

கம்பி, காகிதம், வார்னிஷ், பேரிங் எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்து இருநூறு ஆயிற்று. மீதி ஒன்பதாயிரத்து இருநூறை அன்றே அவளிடம் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. முழுப் பணமும் கம்பிக்கே போய்விட்டது என்றேன். மீதியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். போர்டுக்கு. தகரத்தில் எழுதுகிற சாதாரண போர்டு இல்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் உள்ளே விளக்கு எரிகிற போர்டு. எதிர்க்கடையில் இல்லாத போர்டு. ஓவியர் மறுநாள் சாயங்காலம் முன்பணம் வாங்க வருவதாகச் சொல்லியிருந்தார்.

மறுநாள் பிற்பகல் இரண்டு மணி இருக்கும். முப்பத்தாறு வளையத்தில் இருபதாவது. வளையத்துக்கு முப்பத்தெட்டுச் சுற்று. பாப்பா ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. நான் "ஒன்பது, பத்து" என்று போய்க்கொண்டிருந்தேன். வழக்கம்போல் நின்றாள். கால் மாற்றி நின்றாள். சுவரில் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு, பிறந்ததிலிருந்து செய்யாததைச் செய்தாள்.

"அப்பா."

நான் எண்ணினேன்.

"தேதியை முன்னாடி தள்ளிட்டாங்களாம். பின்னாடி ஆள் காத்துக்கிட்டிருக்காம். இன்னிக்கு நாலு மணிக்குள்ள பாதி கட்டினாக்கூடப் போதுமாம், மீதி அப்புறம் வாங்கிப்பாங்களாம். ஒன்பதாயிரம்பா. எங்கயாவது புரட்ட முடியுமா?"

சட்டைப் பை என் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கையை விட்டால் எடுத்துவிடலாம். எடுத்தால், "எல்லாம் கம்பிக்குப் போச்சுன்னீங்களே" என்று அவள் கேட்க மாட்டாள். அவள் கேட்கிறவள் இல்லை. ஆனால் பார்ப்பாள். போர்டும் போய்விடும். எதிர்க்கடைக்காரர் இன்னும் ஒரு வருடம் என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

நான் எண்ணுவதை நிறுத்தவில்லை. இன்னும் சத்தமாக எண்ணினேன். "பதினேழு. பதினெட்டு." எண்ணிக்கொண்டிருப்பவனிடம் பதில் கேட்க முடியாது அல்லவா? என் சட்டத்தையே கதவாக்கிச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துகொண்டேன்.

"அப்பா."

"இருபத்தொண்ணு."

"அப்பா, ஒரே ஒரு வார்த்தை."

அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்தவை எண்கள் இல்லை. அவள் காதில் விழுவதற்காகப் போட்ட சத்தம். கை எத்தனை சுற்றுச் சுற்றியது, வாய் எத்தனை சொன்னது, இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளவே இல்லை. மூன்றாவது தடவைக்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் நின்றாள். செருப்புச் சத்தம் வாசற்படி இறங்கித் தெருவில் போனது. அது தேய்ந்து மறைந்த பிறகு "முப்பத்தெட்டு" என்றேன். யாருக்கும் இல்லாமல் "ம்" என்றேன்.

கையில் இருந்த வளையத்தில் எத்தனை சுற்று என்று எனக்குத் தெரியாது. அவிழ்த்திருக்க வேண்டும். அவிழ்த்தால் கம்பி மடங்கும், மேல்பூச்சு கீறும், மறுபடி சுற்ற ஆகாது. அளவாக வாங்கிய கம்பி. புதிதாக வாங்க வேண்டுமென்றால் சட்டைப் பையில் கை வைக்க வேண்டும். வளையத்தைக் கையில் தூக்கி எடை பார்த்தேன். சரியாக இருப்பதுபோல் இருந்தது. உள்ளே வைத்துக் கட்டிவிட்டேன்.

சாயங்காலம் ஓவியர் வந்தார். முன்பணம் வாங்கிக்கொண்டு போனார். பாப்பா ஐந்து மணிக்குத் திரும்பி வந்து, கை கால் கழுவிக்கொண்டு, தைக்க வேண்டிய சட்டைகளை எடுத்து உட்கார்ந்தாள். "என்னாச்சுடி?" என்று அம்மா கேட்டதற்கு, "வேற ஒருத்திக்குப் போயிடுச்சு" என்றாள். என் பக்கம் திரும்பவில்லை. நான் எண்ணும்போது கூப்பிட்டுவிட்டோமே என்று பயந்து போயிருந்தாள். அவள் முகத்தில் இருந்தது கோபம் இல்லை, பயம். எனக்கு அது வசதியாக இருந்தது.

மோட்டார் மூன்று நாள் ஓடியது. நாலாம் நாள் காலை ஐஸ்காரரே நேரில் வந்தார். முழங்கால்வரை ஈரம்.

"வாங்க மாஸ்டர், வாங்க. ஐஸெல்லாம் தண்ணியா ஓடுது. எண்ணறதுல கெட்டிக்காரராச்சே, வந்து எத்தனை வாளின்னு எண்ணிச் சொல்லுங்க."

மோட்டாரைத் தூக்கி வந்து என் கடை வாசலிலேயே பிரிக்கச் சொன்னார். எதிர்க்கடை முதலாளி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கருகிய வளையத்தை வெட்டி, முனைகளை ஒவ்வொன்றாக எண்ணினேன். முப்பத்தொன்று. ஏழு குறைந்திருந்தது.

"என்னய்யா இது? கண்ணை மூடிக்கிட்டுச் சுத்தினியா?" என்றார் ஐஸ்காரர். மாஸ்டர் இப்போது வெறும் 'என்னய்யா' ஆகிவிட்டார்.

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. என் வாய் தானாகச் சொன்னது: "எண்ணிக்கிட்டிருக்கும்போது எம் பொண்ணு வந்து கூப்பிட்டுட்டா. மூணு தடவை."

திரைக்குப் பின்னால் பாப்பா பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது.

"பொம்பளப் பிள்ளைய வச்சுக்கிட்டு வேலை பார்த்தா இப்படித்தான்" என்றார் ஐஸ்காரர். கூலியில்லாமல் திரும்பக் கட்டித் தருவதாகவும், ஒரு வருடம் அவருடைய பம்புகளை எல்லாம் இலவசமாகப் பார்ப்பதாகவும் ஒப்புக்கொண்டேன். ஐஸ்காரர் எதிர்க்கடைப் பக்கம் கண்ணைக் காட்டினார், பழைய முதலாளியும் சிரித்தார். மறுவாரம் போர்டு வந்தது. மாட்டினேன். இரவெல்லாம் எரிந்தது.

அந்த மாதமே பாப்பா பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். நான் போகச் சொல்லவில்லை. அவளாகப் போனாள். முதல் ஒன்றரை வருடச் சம்பளத்தை என் கையில் கொடுத்தாள். "என்னாலதானேப்பா நஷ்டம்" என்றாள். நான் வாங்கிக்கொண்டேன். புதுக் கம்பி அதில்தான் வாங்கினேன். எவனும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை என்று சொன்னேன் அல்லவா, அதை இங்கே திருத்திக்கொள்ளுங்கள்.

கடை எழுந்தது. அது என் உழைப்பு, அதில் எனக்கு வெட்கமில்லை. இரண்டு வருடத்தில் எதிர்க்கடை வாடிக்கை முக்கால்வாசி என்னிடம் வந்தது. எட்டு வருடத்தில் அந்தக் கடையையே வாங்கினேன். என் கதையும் என்னோடு வளர்ந்தது. பாப்பாவின் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் முன்னால்கூடச் சொன்னேன்: "ஜாக்கிரதை மாப்பிள்ளை, மூணு தடவை கூப்பிட்டா மோட்டாரே எரிஞ்சிடும்!" எல்லோரும் சிரித்தார்கள். மணப்பெண்ணும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறவர், நல்ல மனிதர், மாதத்தில் இருபது நாள் வெளியூர். ஒரு பெண் குழந்தை. ஒற்றை அறை வீடு. "மூணு மாடி இருக்கே, வந்து இருங்க" என்று பல தடவை கூப்பிட்டேன். "உங்களுக்கு நஷ்டம் வச்சவப்பா நான். இன்னும் வேற வைக்கணுமா?" என்பாள். விளையாட்டாகச் சொல்வதுபோல் இருக்கும். நான் அதை அப்படியே விட்டுவிடுவேன்.

என் மனைவிக்கு நெஞ்சில் சளி கட்டி, அதுவே பெரிதாகி, நாலு வருடத்துக்கு முன்னால் அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வார்னிஷ் புகை என்று டாக்டர் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. அவள் படுத்திருந்த விரிப்பு பாப்பா துவைத்துத் தேய்த்தது. ஓரத்தில் அவளுடைய பிரிவின் முத்திரை இருந்தது. கடைசிக்கு இரண்டு நாள் முன்பு, பாப்பா வெளியே போயிருந்த நேரம், மனைவி என்னை அருகில் கூப்பிட்டாள்.

"நீங்க ஐஸ்காரர் மோட்டாருக்குக் கம்பி வாங்கின அன்னிக்கு ராத்திரி, சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில ஒன்பதாயிரத்து இருநூறு இருந்துச்சு. எண்ணிப் பார்த்துட்டுத் திரும்ப வச்சேன்."

விரிப்பின் ஓரத்து முத்திரையை விரலால் தேய்த்தேன்.

"இத்தனை வருஷம் நீங்களே சொல்லிடுவீங்கன்னு பார்த்தேன். அவகிட்டச் சொல்லிடுங்க. ஊருக்கு வேணாம், அவளுக்குச் சொல்லுங்க."

சரி என்று தலையாட்டினேன். அதற்கப்புறமும் நாலு வருடம் ஓடியது. சொல்லவில்லை. பத்து லட்சம் முதல் போட்டு இரண்டாவது கடை திறக்கத் துணிந்தவனுக்கு, ஒரு வாக்கியம் பேசத் துணிவு இல்லை.

போன மாதம் பேத்தி வந்திருந்தாள். பன்னிரண்டு வயது, அவள் பாட்டியின் வாய். "தாத்தா, அம்மா பரிட்சைக்குப் படிக்கிறாங்க தெரியுமா? போர்வை எண்ணிக்கிட்டே எலும்புப் பேரெல்லாம் சொல்றாங்க. பக்கத்து வீட்டு அத்தைகூட, உங்கம்மாவுக்கு இப்பத்தான் பால் பல்லு விழுதான்னு கேட்டாங்க." நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர் பயிற்சி, ஆறு மாதம், பிற்பகல் வகுப்பு. நர்ஸ் பயிற்சிக்கு வயது எப்போதோ தாண்டிவிட்டது. இதற்கு வயது வரம்பு இல்லை. கட்டணத்துக்காகச் சலவைப் பிரிவில் காலையிலும் இரவிலும் இரண்டு ஷிப்ட் வேலை பார்க்கிறாளாம். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து லட்சத்தைப் பையில் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் புத்தகம் திறந்து கிடந்தது. அவள் தரையில் உட்கார்ந்து மகளின் பள்ளிச் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். வலது உள்ளங்கையில் நீராவி இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு, பளபளவென்று. கட்டை விரல் முழுக்க மடங்காது.

"வாங்கப்பா. என்ன திடீர்னு? கடைக்கு லீவா?"

உட்காராமலே சொன்னேன். உட்கார்ந்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். போர்டு, சட்டைப் பை, சத்தமாக எண்ணியது, ஐஸ்காரரிடம் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். "நீ கூப்பிட்டதால எண்ணிக்கை தப்பல பாப்பா. நான் எண்ணவே இல்ல" என்றேன்.

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். சட்டையைத் துவைக்கும்போது பார்த்தாளாம்."

"ஓ. ரெண்டு பேருக்கும் தெரியும்."

"பாப்பா..."

"நான் யாரையும் ரெண்டாவது தடவை கூப்பிடறதில்லப்பா. கவனிச்சிருக்கீங்களா? கடையில, பஸ்ல, எங்கயும். ஒரு தடவை கூப்பிடுவேன், திரும்பலைன்னா நின்னுக்குவேன். அம்மாவுக்கு மூச்சு இழுத்தப்போ நர்ஸை ஒரு தடவை கூப்பிட்டேன். அவங்க பக்கத்துப் படுக்கை நோயாளி கையைப் பிடிச்சு, கடிகாரத்தைப் பார்த்து, நாடி எண்ணிக்கிட்டிருந்தாங்க. எண்ணறாங்களேன்னு நின்னுட்டேன்." நிறுத்தி, மறுபடி சொன்னாள். "முடிக்கட்டும்னு நின்னுட்டேன்பா. அவங்க திரும்பறப்போ அம்மா போயிட்டாங்க."

இந்த வரிகளை மூன்று தடவை அடித்து அடித்து எழுதினேன். எழுத்து கோணலாக இருந்தால் அச்சுக் கோப்பவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பையிலிருந்து கட்டுகளை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். "அஞ்சு லட்சம் இருக்கு. வட்டி, நீ குடுத்த சம்பளம், எல்லாம் சேர்த்து. பத்தலைன்னா சொல்லு" என்றேன். அவள் கட்டுகளைப் பார்க்கவில்லை.

"பதினெட்டாயிரத்து நானூறு. அதுக்கு மேல ஒரு காசு வேணாம்."

"இப்ப அந்தக் காசுக்கு என்னம்மா வரும்?"

"எனக்குத் தெரியும் என்ன வரும்னு. என் காசை மட்டும் குடுங்க. எண்ணிக் குடுக்கறேன்னு சொன்னீங்க. எண்ணிக் குடுங்க."

எழுந்து என் எதிரே வந்து நின்று, தழும்புள்ள கையை விரித்து நீட்டினாள். ஐந்நூறு நோட்டாக முப்பத்தாறு, மேலே நாலு நூறு. எண்ண ஆரம்பித்தேன். ஒண்ணு. ரெண்டு. எழுபது வயதுக்கு நாக்கு இன்னும் சுத்தமாகத்தான் இருக்கிறது. இருபதைத் தாண்டியிருப்பேன். வெளியே குழாயடியிலிருந்து பேத்தி கூப்பிட்டாள்.

"அம்மா!"

"இதோ வந்துட்டேன்டா!"

கூப்பிட்ட சத்தம் அடங்கும் முன்பே பதில் போய்விட்டது. நோட்டுகளை மூடாத கையிலேயே வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய், குடத்தை ஒரு கையால் தூக்கிவிட்டு, திரும்பி வந்து அதே இடத்தில் நின்றாள்.

கடைசியாக வைத்தது இருபத்திரண்டா, இருபத்துமூன்றா? எனக்குத் தெரியவில்லை. அவள் கையில் இருந்த கனத்தைப் பார்த்தேன். இருபத்துமூன்றுபோல் இருந்தது.

"எத்தனை வரைக்கும் வந்தேன் பாப்பா?"

"நான் எண்ணலப்பா."

கை நிறைய இருந்த நோட்டுகளை எல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டேன். அடுக்கித் தட்டி நேராக்கினேன். அவள் கையை எடுக்காமல் நின்றாள். ஒண்ணு என்று ஆரம்பித்தேன். இந்தத் தடவை மெதுவாக, ஒவ்வொரு நோட்டையும் விரலால் தேய்த்துப் பார்த்து வைத்தேன். முப்பத்தாறு வந்தது. நூறு நோட்டு நாலும் சட்டைப் பையில் இருந்தன. அவற்றை எடுத்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. நாலாவதை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு, பேசாமல் நின்றேன்.

அவள் அதைப் பார்த்துவிட்டு, "ம்" என்றாள்.